பதினெட்டு வயதும் பத்தொன்பது நாளும்

"சம்பவம் நடந்த அன்னிக்கு உனக்கு என்ன வயசுப்பா?"

நீதிபதி கேட்டது சின்னக் கேள்விதான். கூண்டில் நின்ற அவனுக்குத்தான் பதில் தெரியவில்லை.

இரண்டு கொலை. போன வாரமே குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. இன்று தண்டனை. அரசு வக்கீல் தூக்கு கேட்கிறார்.

பதினெட்டு ஆகவில்லை என்றால் தூக்கு கிடையாது.

பள்ளிச் சான்றிதழ்படி அன்றைக்கு அவனுக்குப் பதினெட்டு வயதும் பத்தொன்பது நாளும்.

அம்மா கணக்குப்படி பதினேழரை. வைகுண்ட ஏகாதசி அன்று குடிசையிலேயே பிறந்தான். எங்கேயும் பதியவில்லை.

"ஏகாதசிக்கு எவன்மா சீல் வச்சுக் குடுப்பான்?" என்றார் அவனுடைய வக்கீல்.

அந்த ஜூன் மாதம் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. தலைமை ஆசிரியர் வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. ஒன்றாம் வகுப்பு.

எட்டவில்லை.

அம்மா பின்னால் நின்று முழங்கையை அமுக்கினாள். அவனும் தலையைச் சாய்த்துக் காதைக் கைப்பக்கம் கொண்டுபோனான்.

ஆசிரியர் சிரித்துவிட்டார். "சரி, ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கறேன்."

அம்மாவுக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். பையனுக்கு மதியம் சோறும் முட்டையும் கிடைக்கும். அவள் நிம்மதியாகக் காசிமேட்டில் மீன் வெட்டப் போகலாம். பாவம், வேறென்ன செய்வாள்.

அப்பா குடித்துச் செத்தார். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஒருநாள் செல்போன் பறித்து மாட்டினான். ஸ்டேஷனில் அடித்துத் துவைத்து அனுப்பினார்கள்.

வெளியே வந்தால் டில்லி அண்ணன் நிற்கிறார். ஏரியாவே பயப்படுகிற ஆள். கையில் பிரியாணிப் பொட்டலம்.

"சாப்ட்டியாடா?"

அவன் அழுதுவிட்டான்.

அதற்கப்புறம் அண்ணனுக்குப் பை தூக்கினான். பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகும் தூக்கினான். எந்த இடத்தில் திரும்பியிருக்கலாம் என்று ஜெயிலில் யோசித்து யோசித்துப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. ஒவ்வொரு நாளும் முந்தின நாள் மாதிரியேதான் இருந்தது.

டில்லி தன் கையால் யாரையும் வெட்ட மாட்டார். அதற்குப் பதினெட்டு ஆகாத பையன்களை வைத்திருந்தார். அவர்கள் பிறந்தநாள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பெற்ற அப்பனுக்குக்கூட அது தெரிந்ததில்லை.

கொலைக்கு முந்தின மார்கழியில் இவனுக்கும் கேக் வாங்கினார். பட்டாக்கத்தியால் வெட்டச் சொன்னார். கேக்கின் மேல் ஒன்று, ஏழு என்று இரண்டு மெழுகுவத்தி.

"இன்னும் ஒரு வருசம் இருக்குடா உனக்கு. மாட்னாலும் மூணே வருசம். சிறுவர் ஹோம்ல கேரம் ஆடிட்டு வந்துடுவே."

ஏதோ பரிசு கிடைத்ததுபோல் இருந்தது அவனுக்கு.

அந்தப் போட்டோவும் இப்போது கோர்ட்டில் இருக்கிறது. அரசுத் தரப்பு கொடுத்தது. அவனுடைய வக்கீல் அதிலிருந்த மெழுகுவத்தியைக் காட்டினார். மற்ற எல்லோரும் கத்தியைப் பார்த்தார்கள்.

"பேக்கரியில குடுக்கற நம்பரெல்லாம் ஆதாரமா?" என்றார் அரசு வக்கீல்.

டில்லி இங்கே இருந்தால் இவன் பிறந்தநாளைச் சொல்வார். அவர் அன்றைக்குத் திருப்பதியில் இருந்ததாக நிரூபித்து எப்போதோ விடுதலையாகிவிட்டார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நீ அப்ப சின்னப் பையன்னு சொல்றதுக்கு, உங்கம்மாவைத் தவிர வேற யாராவது இருக்காங்களா?"

அவன் யோசித்தான்.

அன்றைக்குக் காலை எட்டு மணி. ஏகாம்பரம் வீட்டு வாசல். டில்லியின் எதிராளி அவன். இவனுடைய முதல் வெட்டிலேயே விழுந்துவிட்டான். அவன் மனைவி பவானி அரிசி களைந்த கையோடு வெளியே ஓடி வந்தாள்.

அவள் கத்தவில்லை. இவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கை ஈரமாக இருந்தது. முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"சின்னப் பையன்டா நீ. அதக் கீழ போட்டுட்டு வூட்டுக்குப் போடா."

கத்தியில் இவன் பிடி தளர்ந்தது. சத்தியமாக இவனுக்கு வீட்டுக்குப் போக வேண்டும்போல் இருந்தது.

பைக்கில் காத்திருந்த கூட்டாளி கத்தினான். "மூஞ்சியப் பாத்துட்டாடா."

அவ்வளவுதான்.

"கேக்கறேன்ல?" என்றார் நீதிபதி. "யாராவது இருக்காங்களா?"

"இருந்தாங்க ஐயா."

அவனுடைய வக்கீல் சட்டென்று எழுந்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"யாரு? பேரச் சொல்லு."

தட்டச்சர் பெயருக்காகக் காத்திருந்தார்.

மூன்றாவது பெஞ்சில் பவானியின் அம்மா உட்கார்ந்திருந்தாள். நாலு வருடமாக ஒரு வாய்தா விடாமல் வருகிறவள். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது.

அவன் பார்வையை அவளிடமிருந்து நீதிபதியிடம் திருப்பினான்.

"யாரும் இல்ல ஐயா."

தட்டச்சர் அதை அடித்துக்கொண்டார்.