ஒரு கடைக்கு இரண்டு முகவரி

"இது என்னங்க?" என்று கேட்டு, மனைவி தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

எங்கள் பட்டறையின் வெப்சைட்தான். கார், வேன், பஸ் சீட்டுகளுக்கு உறை தைக்கும் பட்டறை. அதே சிவப்பு சீட் படம், அதே பட்டறைப் போன் நம்பர். மேலே முகவரியில் இருந்த டொமைன் பெயர் மட்டும் வேறு.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏதோ சின்ன வீடு வைத்துக்கொண்டவனை மடக்கிப் பிடித்துவிட்டதுபோல அவளுக்கு ஒரு பார்வை.

ஒரு தொழிலுக்கு இரண்டு டொமைன் வைத்துக்கொள்வது ஊர் உலகத்தில் நடக்காத காரியமா? வெப்சைட் போட்டுக்கொடுத்த தம்பியே சொன்னான். சில்லறை வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று, பெரிய கம்பெனிகளுக்கு ஒன்று. முதலாவதில் கொஞ்சம் வீட்டுக் களை இருக்கலாம். இரண்டாவதில் ஒரு கம்பீரம் வேண்டும்.

முதலாவதில் அவள் மெஷினில் உட்கார்ந்து தைக்கிற படம் இருக்கிறது. இரண்டாவதில் அதே மெஷினில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாளில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு எடுத்த படம்.

அதில் என்ன தப்பு? யாராவது ஒருவர் உட்காரத்தானே வேண்டும்.

கீழே 'இருபது வருட அனுபவமுள்ள கைகள்' என்று போடச் சொன்னேன். அது பொய்யே இல்லை. யாருடைய கைகள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

நாற்பது பஸ் ஓட்டுகிற கம்பெனிக்காரன், ஒரு பொம்பளை தைக்கிறாள் என்று தெரிந்தால் யோசிப்பான். உலகம் அப்படி இருக்கிறது. நானா உலகத்தைப் படைத்தேன்? எல்லாம் குடும்பத்துக்காகத்தான் செய்தேன். அவளிடம் சொல்வதாகத்தான் இருந்தேன். எட்டு மாதமாக நேரம் கூடிவரவில்லை.

இவ்வளவையும் அடுக்கடுக்காகச் சொன்னேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

அவள் போனைத் தன் பக்கம் திருப்பினாள். என் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஊசியில நூலே இல்லைங்க," என்றாள்.

அவ்வளவுதான். போய்த் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இத்தனை வருடம் வெளிவேலை எல்லாம் யார் பார்த்தது? ரெக்சின் கடைக்கு யார் நடந்தது? கரண்ட் ஆபீசில் கால் கடுக்க யார் நின்றது? அவளுக்கு என்ன, உட்கார்ந்த இடத்தில் வேலை. தைத்தால் முடிந்தது.

இப்படி நான் கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் பஸ் கம்பெனி மேனேஜர் வாசலில் வந்து நின்றார். கம்பெனி பெயர் போட்ட சட்டை. கையில் கிழிந்த சீட் உறை ஒன்று.

என் வெப்சைட்டைப் பார்த்து முன்பு ஒரு தடவை போன் செய்தவர்தான். அங்குலத்துக்கு எத்தனை தையல் போடுவீர்கள் என்று கேட்டார். தேவைக்குத் தகுந்த மாதிரி போடுவோம் என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்கப்புறம் அவர் கூப்பிடவே இல்லை. இன்று நேரிலேயே வந்துவிட்டார். பார்த்தாயா என்று மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தேன்.

அவர் என்னைத் தாண்டிக்கொண்டு மெஷின் பக்கம் போனார்.

"நீங்கதானே மேடம்? அடுத்த மாசம் புது இடத்துல ஆரம்பிக்கிறீங்கன்னு போட்டிருந்தது. எங்களுக்கு அவசரம், அதான் விசாரிச்சுக்கிட்டு இங்கயே வந்துட்டேன்."

புது இடமா? அவர் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தேன்.

நான் பார்த்தேயிராத மூன்றாவது டொமைன்.

அதில் முகமே இல்லை, தையல் மட்டும். ஓரம், மூலை, இரட்டைத் தையல் என்று கிட்டத்தில் வைத்து எடுத்த பத்துப் பன்னிரண்டு படங்கள். அங்குலத்துக்கு எத்தனை என்று ஒவ்வொன்றின் கீழும் போட்டிருந்தது. மேலே அவள் பெயர். கீழே இரண்டு தெரு தள்ளி ஒரு விலாசம், அவளுடைய சொந்த நம்பர்.

என் பெயரை மேலிருந்து கீழ்வரை தேடினேன். பொடி எழுத்தில்கூட இல்லை.

அவள் மேனேஜருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, கிழிந்த உறையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

நான் வெளியே வந்து வெப்சைட் தம்பிக்குப் போன் போட்டு, வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவன் சொன்னான்.

"அது பழசுண்ணே. உங்க ரெண்டாவது வெப்சைட்டுக்கு சீட் படம் பத்தலைன்னு அப்பவே அக்காவுக்குப் போன் பண்ணேன். குடுக்க வந்தவங்க உங்க போட்டோவைப் பாத்தாங்க. தன் பேருல ஒரு டொமைன் வாங்கிட்டுத்தான் எழுந்தாங்க."

அப்பவே என்றால் எட்டு மாதம்.

காலையில் போனை நீட்டும்போதே அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் கேட்கவில்லை. நான் என்ன சொல்வேன் என்று பார்க்கக் கேட்டிருக்கிறாள்.

எட்டு மாதமும் எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள். அந்தப் புதுச் சட்டைக்குப் பொத்தான் விட்டுப்போனபோது தைத்தும் கொடுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை.

ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, இப்படியொரு விஷயத்தைக் கட்டின புருஷனிடம் மறைக்க ஒருத்திக்கு எப்படித்தான் மனசு வரும்? நீங்களே சொல்லுங்கள்.