வில்லனுக்கு ஒரு முகம்

வில்லன் முகம் மனதில் வராவிட்டால், அன்று காலையில் முதலில் கண்ணில் பட்ட ஆளை வரைந்துவிடுவது காமிக்ஸ் வரையும் சுகந்தியின் பழக்கம். நாலு கோடு, ஒரு மீசை. அதில் யார் யாரைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

ஆனால் இப்போதெல்லாம் காலையில் அனுப்பும் காமிக்ஸ் சாயங்காலமே படமாகி ஊரெல்லாம் ஓடுகிறது. வரைந்த கோடுகளுக்குப் பொருந்தும் முகத்தைத் தெருக் கேமராக்களில் தேடிப்பிடித்து, படமெடுக்கும் இயந்திரமே நடிக்கவும் வைத்துவிடுகிறது. அப்படித்தான், ஊர்த் தண்ணீரில் விஷம் கலக்கும் சதிக்கூட்டத்துக்குத் தலைவனாகிப் போனார், அவள் வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடும் இருதயராஜ்.

படம் வந்த வாரமே அவர் வண்டியை அடித்து நொறுக்கினார்கள். "வெறும் கதைங்க அது," என்று சுகந்தி கெஞ்சிப் பார்த்தாள். "உண்மையை வேற எப்படிம்மா சொல்ல முடியும்?" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

இன்று மத்தியானம் கதவைத் தட்டியவரை அவளுக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. இருதயராஜ் மீசையை மழித்துவிட்டு, தடித்த கண்ணாடி போட்டிருந்தார்.

"நீங்க ஒருத்தங்கதாம்மா இன்னும் என்கிட்ட தண்ணி வாங்குறீங்க," என்றபடி கேனை இறக்கிவைத்தார். "படம் வரையிறவங்க, பார்த்துச் சொல்லுங்க. இனிமே யாருக்கும் தெரியாதில்ல?"

சுகந்தி குனிந்து கேனை உள்ளே இழுத்தாள். "தெரியாதுண்ணே," என்றாள்.

"கர்த்தர் உங்களை நல்லா வைக்கட்டும்மா." அவர் நிம்மதியாகப் படியிறங்கினார்.

அவரைக் காப்பாற்றத்தான், காலையில் அனுப்பிய இரண்டாம் பாகத்தில் வில்லனின் மீசையை மழித்து, தடித்த கண்ணாடி மாட்டிவிட்டிருந்தாள்.