முருங்கையடியில் ஒரு போத்தல்

"மதினி, முருங்கையடில என்னத்தப் பொதச்சீங்க?"

மண்வெட்டியோடு நின்ற மபாஸா திடுக்கிட்டுத் திரும்பினாள். ஸஹ்னா இவ்வளவு நேரத்தோடு வீட்டுக்கு வருவாள் என்று அவள் நினைக்கவில்லை.

"மீன் குடல். மரத்துக்குப் பசளை," என்று சொல்லிவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

 ஆனால் ஸஹ்னாவுக்குத் தெரியும், கடல் கொந்தளிப்பால் எத்தாளைக் கரையில் இரண்டு நாளாக ஒரு தோணியும் இறங்கவில்லை. மீனே வராத ஊரில் குடல் மட்டும் எங்கிருந்து வந்தது?

மபாஸா, ஸஹ்னாவின் கணவன் முனாஸின் ராத்தா, கூடப்பிறந்த அக்கா. பிள்ளையில்லாத விதவை. பக்கத்து வளவில் தனியாக இருந்தாள். ஸஹ்னா பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போன பிறகு வந்து வீடு கூட்டி, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போவாள். வீட்டுச் சாவி ஒன்று அவளிடமும் இருந்தது.

ஸஹ்னாவின் வயிற்றிலிருந்த முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் தவறிப்போயிருந்தது. அதன்பிறகு யாரோடும் முகங்கொடுத்துப் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளை எழுப்பியது கேக் சுடுகிற ஓவன்தான். முனாஸின் தோட்டத்துத் தக்காளி வாங்க ஆளில்லாமல் கனிந்து கொட்டிய நேரம் அது. போத்தலில் நிரப்பி ஓவனுக்குள் சூடாக்கி இறுக்கி மூடிவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும் என்று யாரோ போன் வீடியோவில் செய்து காட்டினார்கள். அதைப் பார்த்துத் தக்காளியில் தொடங்கினாள். பிறகு மாங்காய், அன்னாசி என்று பின்னறை அலுமாரி நிறைந்தது. பின்னேரத்தில் அதைத் திறந்து அந்தச் சிவப்பையும் மஞ்சளையும் ஒருதரம் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ஓவன் சூடாகும்போதெல்லாம் மபாஸா குசினி வாசலில் வந்து நிற்பாள். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லமாட்டாள். ருசி பார்க்கக் கொடுத்தாலும் பிறகு பார்ப்போம் என்று கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிடுவாள்.

அன்று மாலை ஸஹ்னா முதலில் நகைப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு அலுமாரியைப் பார்த்தாள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒரு போத்தல்கூடக் குறையவில்லை. அப்படியானால் மபாஸா எதைக் கொண்டுபோய்ப் புதைத்தாள்?

அயல்வீட்டு ஹவ்வா உம்மாவிடம் இதைச் சொன்னது பெரிய பிழையாகப் போயிற்று. அவர் குரலைத் தாழ்த்தி, பிள்ளை தங்காத வீடுகளின் மண்ணைக் கிண்டி என்னென்ன சூனியச் சாமான் எடுத்திருக்கிறார்கள் என்று விரிவாகச் சொன்னார். கடைசியில், பிள்ளை பெறாதவளின் மனதில் என்ன இருக்கும் என்று யார் கண்டது என்றும் ஒரு வார்த்தை போட்டார். ஸஹ்னாவுக்கு அன்றிலிருந்து நித்திரை போனது. முனாஸிடம் சொல்லிப் பார்த்தாள். உம்மா மௌத்தாகிப் போன பிறகு தன்னைத் தூக்கி வளர்த்தவள் ராத்தாதான், இப்படியான கதையை இனி எடுக்காதே என்று அவன் கோபித்துக்கொண்டான்.

அடுத்த கிழமையும் முருங்கையடியில் புது மண் தெரிந்தது.

சனிக்கிழமை மபாஸா மருந்தெடுக்கப் புத்தளத்துக்குப் போயிருந்தாள். ஸஹ்னா மண்வெட்டியை எடுத்தாள். சற்றுத் தோண்டியதுமே கண்ணாடியில் பட்ட சத்தம் கேட்டது. கையால் மண்ணை விலக்கி வெளியே எடுத்தாள். அவளுடைய போத்தல்களைப் போலவே ஒரு போத்தல். அதே மூடி. உள்ளே கலங்கிய சிவப்பாக ஏதோ இருந்தது. அவளுடைய போத்தல் ஒன்றும் குறையாதபோது, அதேமாதிரி ஒன்றைச் செய்து மண்ணுக்குள் வைத்திருக்கிறார்கள் என்றால் அது எதற்கு? 

மபாஸா திரும்பி வந்தபோது விறாந்தை மேசையில் மண்ணோடு அந்தப் போத்தல் இருந்தது. தோட்டத்திலிருந்து கூப்பிட்டு வரவழைத்த முனாஸ் ஒன்றும் விளங்காமல் நின்றான்.

"எண்ட புள்ளையும் இப்படித்தானே போச்சுது, மதினி?" என்றாள் ஸஹ்னா.

 மபாஸா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். இதை இங்கேயே தீர்த்துவிட வேண்டும் என்று முனாஸ் போத்தலை எடுத்து மூடியைத் திருகினான். புஸ்ஸென்று நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. அழுகிய தக்காளியின் நாற்றம் விறாந்தையை நிறைத்தது.

"கைய நல்லாக் கழுவு, தம்பி. அது பழுதான சாமான்," என்றாள் மபாஸா. பிறகு ஸஹ்னாவைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியால வந்த அண்டைக்கு நீ என்னக் கட்டிப்புடிச்சி அழுதுக்கிட்டுச் சென்னாய், எண்ட கையில ஒண்டுமே தங்காது மதினி எண்டு. மொதப் போத்தல் மூடி வீங்கி நிண்டதக் கண்டதும் எனக்கு அந்தக் கதைதான் நெனவுக்கு வந்திச்சி. அதான் உனக்குக் காட்டாமக் கொண்டுபோய்ப் பொதச்சன்."

ஸஹ்னா பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப, அலுமாரி நெறைய ஈக்கிறது?"

மபாஸா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ செஞ்சது எல்லாமே பொங்கிப்போச்சி, மகள். அலுமாரில ஈக்கிறது, நான் அதேமாதிரிப் போத்தல்ல போட்டு எண்ட அடுப்புல அவிச்சிக் கொண்டுவந்து வெச்சது."