மார்லிஸின் வாக்கர்

அமெரிக்காவின் துலூத் நகரில், நோயாளிகளுக்கு நடைப்பயிற்சி தரும் மறுவாழ்வு மையத்தில் மார்லிஸ் ஹாகனின் வாக்கரைத் தினமும் மாலையில் அவர் உயரத்துக்குச் சரிசெய்துவைப்பேன். கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டுக்கு நேராக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் விழுந்துவிடுவார். காலையில் பார்த்தால் அது ஆறரை அடி மனிதருக்கான உயரத்தில் நிற்கும். குனிந்து நான்கு கால்களிலும் பொத்தானை அழுத்தினால்தான் உயரம் மாறும். மார்லிஸால் குனிய முடியாது.

இதைச் சொன்னதும் மேலாளர் கென்ட் சிரித்தான். "அளவெடுக்கத் தெரியலேன்னு ஒத்துக்கோயேன், ரோண்டா. வெள்ளிக்கிழமைக்குள்ள நடக்கலேன்னா கிழவிய முதியோர் இல்லத்துக்குத் தள்ளிவிடு."

மருத்துவமனையில், இயன்முறை சிகிச்சையாளர்களான எங்கள் வேலை நோயாளியை எழுப்பி நிற்கவைப்பது. இங்கே, அவரை வீடுவரை நடக்கவைப்பது. முதியோர் இல்லத்தில், விழாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. அங்கே போனவர்கள் வீடு திரும்புவதில்லை. இந்த வித்தியாசம்கூடத் தெரியாத மண்டைக்குத்தான் மேலாளர் பதவி.

"அவன் கெடக்கான், மண்ணாங்கட்டி," என்றார் மார்லிஸ். "ராத்திரி என் வாக்கர உசத்தற அந்த நெட்டையனும் வீட்டுக்குப் போகத்தான் பாக்கறான், கண்ணு."

"எந்த நெட்டையன்?"

அவர் ஆளில்லாத பக்கத்துக் கட்டிலைக் காட்டினார்.

கென்ட்டிடம் சொல்லிப் பயனில்லை. இன்னொரு வாக்கரை எடுத்து, முழு உயரத்துக்கு நீட்டி, அந்தக் கட்டிலருகே வைத்தேன். அதன்பின் மார்லிஸின் வாக்கரை யாரும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். ஆளில்லாத கட்டிலருகே நிற்கும் வாக்கருக்குத்தான் அடி ரப்பர் சீக்கிரம் தேய்கிறது. மாற்றிப் போட்டால் போதும்.