சுவர்ப் பக்கம்

"இண்டைக்கும் என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திட்டுது கிழவி!"

போனில் புருஷனிடம் பொரிந்து தள்ளினாள் சிந்தியா. ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பராமரிப்பு வேலை. கிழவியின் பெயர் எல்சி. நோர்வேக் கப்பல்காரனைக் கட்டிக்கொண்டு ஒஸ்லோ வந்த ஸ்கொட்லாந்துக்காரி. நூறை எட்டிப்பிடிக்கிற வயது.

"போன மாதம் வரைக்கும் 'சிந்தியா, சிந்தியா' எண்டு உயிரை விட்டது. இப்ப என்னோட வேலை செய்யிற கரோலினா வந்தால்தான் குளிக்குமாம். அவள் வெள்ளைத் தோல் எல்லோ! வயது போகப் போக உள்ளுக்குக் கிடந்ததெல்லாம் வெளியில வருது."

"நிறத்துவேசம் எண்டு மேலிடத்தில சொல்லும். ஏன் பயப்பிடுறீர்?" என்றான் றொபின். "இஞ்சை மெஷின் ஓடுது. பிறகு கதைக்கிறன்."

றொபினுக்குப் புது வேலை, கை நிறையச் சம்பளம். திராமன் நகரில் வீடுகூடப் பார்த்து வைத்தாயிற்று. என்ன ஃபக்டரி என்று யாராவது கேட்டால் மட்டும், "இரும்புச் சாமான் செய்யினம்" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவாள் சிந்தியா.

முறைப்பாடு சொல்லத்தான் போகிறாள். ஆனால் அதற்கு முன்னம் முகத்துக்கு நேரே ஒரு கேள்வி கேட்காவிட்டால் மனம் ஆறாது. விறுவிறென்று எல்சியின் அறைக்குள் போய் நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"எல்சி, என்ர நிறம் உங்களுக்கு அருவருப்போ? சொல்லுங்கோ. இனி நான் இந்தப் பக்கமே வரமாட்டன்."

கிழவியின் தோள் குலுங்கியது. அட, அழுகிறாளா?

"உன்ர தம்பி..." என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

சிந்தியா திகைத்துப் போனாள். மன்னாரில் ஷெல் குண்டு விழுந்து தம்பி செத்த கதை அது. போன மாதம் எல்சிக்குத் தலை சீவிவிடும்போது சொன்னாள்.

"பதினெட்டு வயதில நானும் ஷெல் செய்தவள்தான், பிள்ளை. இரண்டாம் உலக யுத்த காலம். கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில ஃபக்டரி. நாள் முழுக்க வெடிமருந்து அடைக்கிற வேலை. பாட்டுப் பாடிப் பாடி அடைப்பம். அது போய் ஆரின்ர தலையில விழும் எண்டு ஒருநாளும் நினைச்சதில்லை. நீ சொன்ன பிறகு உன்ர முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக் கிடக்கு."

சிந்தியாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சீ, இந்த மனுசியையா அப்படிச் சொன்னேன்? கட்டிலில் உட்கார்ந்து எல்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நீங்கள் செய்த ஷெல் இல்லை, எல்சி. நீங்கள் வேலைக்குப் போனீங்கள், அவ்வளவுதான்."

"நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான் சொன்னம்."

சொல்லிவிட்டு மெல்லத் திரும்பினாள் எல்சி. ஒரு மாதத்துக்குப் பிறகு சிந்தியாவின் முகத்தை ஆசையோடு பார்த்தாள்.

போன் அடித்தது. றொபின்தான்.

"சிந்தியா, நல்ல செய்தி! எங்கட ஃபக்டரிக்குப் பெரிய ஓடர் கிடைச்சிட்டுது! இரவு பகலா ஷெல் செய்தாலும் மூண்டு வருஷத்துக்கு முடியாதாம். ஓவர்டைம் தாராளம். திராமன் வீடு இனி எங்களுக்குத்தான்!"

தமிழ் விளங்காவிட்டாலும் குரலில் இருந்த குதூகலம் எல்சிக்கு விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"உன்ர மனுசனோ? நல்ல சந்தோஷமாக் கதைக்கிறார். அவருக்கு என்ன வேலை, பிள்ளை?"

சிந்தியா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.