நாலில் ஒன்று

'உங்கள் நினைவுகளுக்கு அழிவில்லை' என்ற பலகைக்குக் கீழே, ஸ்டூடியோ ஞானசிகாமணி கண் கலங்கி நின்றார். மேஜை மேல், நாலு டிஸ்க்குகளில் வீடியோக்களைச் சேமிக்கும் கறுப்புப் பெட்டியில் மூன்று விளக்குகள் பச்சை. நாலாவது சிவப்பு.

“டிஸ்க் செத்துப்போச்சு டீச்சர். ஸ்டெபி கல்யாண வீடியோ மொத்தமும் அதோட போச்சு” என்றார், மூன்றாவது முறையாக.

லில்லி டீச்சர் விடுவதாக இல்லை. கப்பல் வேலையில் இருந்ததால் மகள் ஸ்டெபியின் கல்யாணத்துக்கே வர முடியாத அவள் கணவர், நாளைக் காலை பாளையங்கோட்டை வந்து இறங்குகிறார். 'எம்மவ கழுத்துல தாலி ஏறுததை ஒரு தடவை பாத்தாப் போதும்' என்று போனில் அழுதிருக்கிறார்.

அதனால்தான் கையோடு மர்வாவை அழைத்து வந்திருந்தாள். மேலப்பாளையத்துப் பெண், ஸ்டெபியோடு படித்தவள், கம்ப்யூட்டர் இன்ஜினீயர்.

“எதுக்கும்மா உனக்கு வீண் சிரமம்?” என்றார் ஞானசிகாமணி.

“அஞ்சு நிமிஷ வேலை அண்ணாச்சி.” மர்வா புது டிஸ்க்கை உறையிலிருந்து எடுத்தாள்.

“இரும்மா, ஒரு ஜெபம் பண்ணிக்கிடுதோம்” என்றாள் லில்லி.

ஜெபம் முடிந்தது. ஞானசிகாமணி மட்டும் மூடிய கண்ணைத் திறக்கவில்லை. உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன.

“அண்ணாச்சி, டீச்சர் ஆமென் சொல்லி எவ்வளவு நேரமாச்சு!” மர்வா சிரித்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்த டிஸ்க்கை உருவினாள். அதே இடத்தில் புதியதைச் செருகினாள். விளக்கு பச்சையாக மினுங்கியது.

“அவ்வளவுதான் டீச்சர். நாலுல ஒண்ணு செத்தாலும், மத்த மூணும் சேந்து அதுல இருந்ததைத் திரும்ப எழுதிரும். ஒரு நிமிஷ வீடியோகூடப் போவல.”

“ஒரு நிமிஷங்கூடவா?” ஞானசிகாமணியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

“அழாதீங்க அண்ணாச்சி, கர்த்தர் கைவிடல. மர்வா, தாலி கட்டுததைப் போடு.”

கம்ப்யூட்டர் திரையில் போதகர் தாலியை உயர்த்தினார். “ஜெபிப்போம்” என்றார்.

படம் சட்டென்று கீழே சாய்ந்தது. கோயில் தரை. அதில், கேமரா பிடித்திருந்த ஞானசிகாமணியின் கால் விரல்கள். 'ஆமென்' கேட்டது, விரல்கள் அசையவில்லை. ஆர்கன் முழங்கியது, அப்போதும் அசையவில்லை.

படம் பைய நிமிர்ந்தபோது, ஸ்டெபியின் கழுத்தில் தாலி கிடந்தது.

லில்லி திரும்பி ஞானசிகாமணியைப் பார்த்தாள்.

“ஜெபத்துல எப்படி டீச்சர் கண்ணைத் தொறக்க?”