முப்பத்தொன்றாம் கேள்வி

பதினெட்டாம் கேள்விக்குத் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னாள் உமா மகேஸ்வரி.

கையால் அடித்ததுண்டா? உண்டு. பொருளால்? உண்டு. வருடத்தில் எத்தனை மாதம்?

அதற்கு மட்டும் யோசித்தாள். சீசன் மாதங்களில் கிடையாது என்றாள். குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டால் கணவனின் சொந்தக்காரர்கள் குளிக்க வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். வீடு நிறைய ஆள் இருக்கும்போது அவன் கையை ஓங்க மாட்டான். ஆவணி பிறந்து, கடைசி விருந்தாளியை பஸ் ஏற்றிவிட்டு வரும்போதே, இனி எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்கிவிடுவாள்.

படிவத்தில் அதற்கு இடம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

அப்போது நான் திருநெல்வேலியில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கணவனிடம் அடிபட்ட பெண்களைப் பற்றிய ஆய்வு. தென்காசியில் ஒரு பெண்கள் அமைப்பு, பேசச் சம்மதித்தவர்களின் பட்டியலைக் கொடுத்திருந்தது. உமா பதினான்காவது ஆள். கணவனை விட்டு வந்து ஆறு வருடம். வடகரையில் ஒற்றை அறையில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"மேடம், இந்தப் பக்கமா வந்து உக்காந்து கேளுங்க. அந்தக் காது எனக்குக் கேக்காது."

நாற்காலியை அவளுக்கு வலப்பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

காயங்களைப் பற்றிய கேள்வி இருபத்தைந்தில்தான் வரும். அது வரும்வரை காதைப் பற்றிக் கேட்கக் கூடாது. முறைப்படியே கேட்டேன்.

கல்யாணமான மூன்றாம் வருடம், பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றாள். கன்னத்தோடு சேர்த்து ஒரே அறை. செவிப்பறை கிழிந்துவிட்டது.

ரவிக்கை அளவு சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான்தான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பதில் சொல்கிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தொன்றாம் கேள்வி வந்தது. அடிபட்டபோது யாரிடமாவது உதவி கேட்டீர்களா? கேட்டிருந்தால் யாரிடம்? பெற்றோர், உடன்பிறந்தோர், அக்கம்பக்கத்தார், காவல்துறை, மற்றவர்.

'அக்கம்பக்கத்தார்' என்ற இடத்தில் என் குரல் இறங்கிப்போனது.

அவள் கத்தரிக்கோலை எடுத்து, தைத்துக்கொண்டிருந்த துணியில் நீட்டிக்கொண்டிருந்த நூலை நறுக்கினாள். பிறகு நேராக என்னைப் பார்த்தாள்.

"யாருட்டயும் கேக்கல. இல்லைன்னே போட்டுக்கோ, யோகா."

அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் பெயர் யோகலட்சுமி. யோகா என்று கூப்பிடுவது எங்கள் வீட்டிலும், ஒரே வாசலுக்குள் பல வீடுகள் இருந்த எங்கள் வளவிலும் மட்டும்தான்.

'இல்லை' என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன். கை பழக்கத்தில் போட்டுவிட்டது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பழக்கத்தால் அல்ல.

அவள் உதவி கேட்டிருந்தாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், தென்காசியில், ஒரே வளவில் உமா அக்கா வீட்டுச் சுவரை ஒட்டிய வீடு எங்களுடையது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் செங்கோட்டையில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு. மறுநாள் கணக்குப் பரீட்சை.

உமா அக்கா எங்கள் கதவைத் தட்டினாள். யோகா, கதவைத் திற என்றாள். மூன்று முறை.

நான் கதவை ஒட்டி உள்ளே நின்றிருந்தேன். தாழ்ப்பாள் ஆடிச் சத்தம் வந்தால் ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். திறந்தால் அவள் கணவன் எங்கள் வீட்டுக்குள் வந்துவிடுவான் என்ற பயம் ஒரு பக்கம். நாளைக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டு இதென்ன தொந்தரவு என்ற எரிச்சல் ஒரு பக்கம். பயத்தைப் பற்றி ஒன்றிரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். எரிச்சலைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

அவளை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அந்த அறை விழுந்த சத்தமும் கேட்டது.

கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு வாங்கினேன்.

மறுநாள் அவள் காதில் பஞ்சு வைத்திருந்தாள். அம்மா கேட்டதற்குச் சீழ் என்று சொன்னாள். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

வடகரையில் அவள் கதவைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தவர்களிடம் பேட்டி எடுக்கக் கூடாது என்பது விதி. சொல்லிவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். கண்ணாடி போட்டிருக்கிறேன், முடியை வெட்டியிருக்கிறேன், பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது, அடையாளம் தெரியாது என்று நம்பி உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் அடுத்த கேள்வியைக் கேட்கச் சொன்னாள்.

இன்னும் ஒன்பது கேள்வி இருந்தது. கேட்டேன். ஒன்று விடாமல் பதில் சொன்னாள். மறுபடியும் மேடம் என்றே கூப்பிட்டாள்.

ஆய்வேடு போன மாதம் முடிந்தது. ஏழாம் அட்டவணையில், யாரிடமும் உதவி கேட்காத பெண்கள் இருபத்திரண்டு பேர் என்று இருக்கிறது. அவர்கள் ஏன் கேட்கவில்லை என்பதை விளக்கி ஐந்து பக்கம் எழுதியிருக்கிறேன். என் வழிகாட்டிக்கு அந்த ஐந்து பக்கம் மிகவும் பிடித்திருந்தது.

இருபத்தொரு பேர் என்பதுதான் சரி.